கோல்கீப்பர் அக்கரையில்

யாங்கோனில் மழை அடித்துப் பெய்தால் விருதுநகரில் உளுந்து விலை ஏறும். எங்கள் பஜாரில் இது எல்லோருக்கும் தெரியும். அந்த மழை எப்படி இருக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. போன ஆடி மாதம் நான் நேரிலேயே போய் நனைந்துவிட்டு வந்தேன்.

நான் ஒரு பருப்பு ஆலைக்குக் கொள்முதல் பார்க்கிறவன். மூட்டையில் குத்தூசி போட்டு உளுந்தை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, சரக்கை ஏற்றலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. இரண்டே நாளில் முடிந்துவிடும் என்றுதான் என்னை அனுப்பினார்கள். மழை விடவில்லை. ஈரக் காற்றில் மூட்டையைப் பிரித்தால் சரக்கு கெட்டுப்போகும். அதனால் காத்திருந்தேன். யாங்கோனில் நான் பார்த்ததெல்லாம் அந்தக் காத்திருப்பில் பார்த்ததுதான்.

விமான நிலையத்திலிருந்து ஏறிய டாக்ஸியிலேயே பாடம் ஆரம்பித்தது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த கார்கள். அவற்றில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். என் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டால் முந்தவில்லை. நல்ல மனிதர்.

வழியில் ஒரு மோட்டார் சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை. நகருக்குள் அதற்கு அனுமதி இல்லையாம். விருதுநகர் பஜாரில் காலம் தள்ளியவனுக்கு அந்த அமைதி முதலில் பயமாகவே இருந்தது. மோட்டார் சைக்கிள்களுக்குப் பதிலாக ஜெனரேட்டர்கள் இருந்தன. மின்சாரம் போனதும் நடைபாதையில் கடைக்கு ஒன்றாக உறுமத் தொடங்கும். நான் தங்கியிருந்த லத்தா பேட்டையில் மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு நீளக் கயிறு தொங்கும். கயிற்று நுனியில் ஒரு கிளிப். கீழே இருப்பவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை அதில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், பொட்டலம் தானாக ஏறும். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலையில்லாத நேரங்களில் ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சரக்கு தருபவர் இஸ்மாயில் பாய். போட்டாதாங்கில், ஆற்றை ஒட்டிய ஸ்டிராண்ட் ரோட்டில் அவருடைய கோடவுன். மாடியில் அலுவலகம். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் நம் தென்கடற்கரையிலிருந்து கப்பலேறியவர். பாயின் தமிழும் அதே கப்பலில் வந்து அப்படியே நின்றுவிட்டது. கோடவுனை அவர் கிட்டங்கி என்பார்.

அலுவலகத்தை உண்மையில் நடத்துவது மா கின் ராணி. நாற்பது வயதிருக்கும். அப்பா தமிழர், அம்மா பர்மியர். பெயருக்கு முன்னால் வரும் 'மா' நம் ஊர் அக்கா மாதிரி ஒரு மரியாதை. கன்னத்தில் சந்தனம்போல் தனாக்கா பூசியிருப்பார். மேஜையில் மூன்று போன்கள். ஒன்றில் பர்மியம், ஒன்றில் ஹிந்தி, ஒன்றில் தமிழ். தமிழில் பேசும்போது மட்டும் நடுவில் வார்த்தை தீர்ந்துபோகும். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுப் பர்மியச் சொல்லை வைத்து வாக்கியத்தை முடித்துவிடுவார்.

இரண்டாம் நாள் மதியம், ராணி மூன்று போன்களையும் பாயின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் கெளம்பறேன் பாய். இன்னைக்கு போலோன் இருக்கு."

போலோன் என்றால் கால்பந்து.

"தோக்கறதுக்கு ஒரு லீவா?" என்றார் பாய், கண்ணாடியைக் கழற்றாமல். "அடுத்த வாரம் எங்ககிட்ட தோக்கறதுக்கும் லீவு கேப்பீங்க. ரெண்டையும் சேத்து எடுத்துக்கங்க."

"ஆடி முடிக்கிறதுக்குள்ள எப்டி பாய் சொல்லுவீங்க?"

"இந்த வருசம் பூரா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

விஷயம் இதுதான். யாங்கோன் கல்லூரிகளுக்குள் மழைக்காலத்தில் ஒரு லீக் நடக்கிறது. ராணி படித்த கல்லூரி பச்சைச் சட்டை. பாய் படித்த கல்லூரி நீலச் சட்டை. நீலம் பட்டியலின் உச்சியில், பச்சை அடியில். பச்சை அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை, டிரா செய்யவுமில்லை. ஆனால் ராணி ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை.

எனக்குக் கல்லூரிக் கால்பந்தின்மேல் பழைய பிரியம் உண்டு. "நானும் வரலாமா?" என்று கேட்டேன். ராணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொடை இருக்கா அண்ணே? அப்ப வாங்க."

மைதானம் பஸ்ஸில் கொஞ்ச தூரம். சிமெண்டுப் படிக்கட்டுகள், பாதி தூரம் தகரக் கூரை, மீதிக்கு வானம். பச்சை அணிக்கு ஆதரவாக வந்திருந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். ராணி, அவருடன் படித்த இரண்டு பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு சலவைக் கடைக்காரர். எல்லோரும் வெற்றிலை போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நம் ஊர் வெற்றிலையைவிடக் காரம்.

ஆட்டம் தொடங்கும்முன் ராணி தன் போனை எடுத்து யாரையோ வீடியோவில் அழைத்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இளைஞர்களின் முகங்கள் வந்தன. ஒருவன் தொழிற்சாலைத் தொப்பி போட்டிருந்தான். ஒருவன் ஹோட்டல் சமையலறையில் நின்றான். ராணி போனைத் திருப்பி மைதானத்தைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்திப் பிடித்தார்.

"யாருங்க இவங்க?"

"போன வருசம் ஆடின டீம் அண்ணே. இவன் சென்டர் பார்வர்டு, இப்ப மலேசியால. இவன் பேங்காக். வயசுப் பிள்ளைங்கள்ல பாதிப் பேரு வெளிய போயிட்டாங்க. ஏன்னு கேக்காதீங்க." கண்ணை மைதானத்தின்மேல் வைத்தபடி சொன்னார்: "மிச்சம் இருக்கறவங்கதான் ஆடறாங்க. ஒருத்தன் பேட்மிண்டன் பிளேயர். ஒருத்தன் பாட்டுக்காரன். பாருங்க, ஓடறது எப்டி இருக்குன்னு."

பார்த்தேன். பாட்டுக்காரன் பாட்டுக்காரன் மாதிரியே ஓடினான். பச்சை அணி ஐந்து கோல் வாங்கியது. கோல்கீப்பர் மட்டும் இல்லையென்றால் பத்தாகியிருக்கும். பெயர் தீஹா. அவன்தான் கேப்டன். ஒவ்வொரு கோல் விழுந்த பிறகும் பந்தை வலைக்குள்ளிருந்து அவனே எடுத்து, சட்டையில் துடைத்து, நடு மைதானத்துக்கு உதைத்தான். ஐந்து முறையும் துடைத்தான்.

ராணிக்குக் கை வலித்தபோது போனை நான் வாங்கிப் பிடித்தேன். மலேசியாவிலிருந்து ஒரு குரல் பர்மியத்தில் கத்தியது. ராணி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "பாட்டுக்காரன வெளிய எடுத்துட்டு அக்காவ எறக்குங்கன்றான்."

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "நீங்க படிச்ச காலேஜ்ங்கிறதுக்காகவா இவ்வளவு?"

"மழைக்கு ஒதுங்குனேன் அண்ணே, அவ்ளோதான். மொத வருசம் படிக்கும்போது, பஸ் வரல, மழை. இந்தக் கூரைக்குக் கீழ வந்து நின்னேன். உள்ள ஆட்டம் நடந்துச்சு. மழை நின்னுடுச்சு, நான் போவல. பத்தொம்பது வயசு அப்ப."

"கல்யாணம், வேலை எல்லாம் வந்த பிறகும்?"

"வீட்டுக்காரரு கேட்டாரு, நானா போலோனான்னு. அவரு சும்மா கேட்டாரு. நான் ரொம்ப நேரம் யோசிச்சதால அப்புறம் கேக்கறதில்ல."

அடுத்த நாள் மழை இன்னும் பலமாக இருந்தது. பாய் எங்கள் இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே டீக்கடை என்றால் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல்கள், அதைவிடக் கொஞ்சம் உயரமான மேஜைகள். நம் ஊரில் குழந்தைகளுக்குப் போடும் சைஸ். ஊரே அதில் குந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. சமூசாவைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, முட்டைக்கோசும் எலுமிச்சையும் புதினாவும் போட்டுப் பிசைந்து, மேலே பருப்புச் சாற்றை ஊற்றிக் கொடுத்தார்கள். சமூசாவுக்கு இப்படி ஒரு மறுபிறப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தட்டில் வேகவைத்த பட்டாணியும் ரொட்டியும். பட்டாணியை வாயில் போட்டதும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பதமான வேக்காடு, ஒரு தோல்கூடக் கழன்றிருக்கவில்லை. சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரம்மா வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி வைத்தார்.

அங்கேதான் முழு நிலவரமும் தெரிந்தது. கடைசி ஆட்டம் வரும் வெள்ளிக்கிழமை, பச்சைக்கும் நீலத்துக்கும். நீலம் ஜெயித்தால் கோப்பை. டிரா ஆனால் கோப்பை வேறொரு கல்லூரிக்குப் போய்விடும். பச்சைக்குக் கோப்பைப் பேச்சே இல்லை. அவர்களுடைய கவலை வேறு.

"ஏழு பேரு நிக்கணும் அண்ணே," என்றார் ராணி. "ஏழுக்குக் கொறஞ்சா ஆட்டம் கெடையாது, வாக்ஓவர். எங்க காலேஜ்ல சொல்லிட்டாங்க, கடைசி ஆட்டத்துக்கு டீம் வராட்டி அடுத்த வருசம் பேர் குடுக்க மாட்டாங்களாம். ஸயாமா நேர்ல வந்து பாக்கறாங்க." ஸயாமா என்றால் பேராசிரியை. விளையாட்டுக்குப் பொறுப்பு அவர்தானாம்.

"ஒரு வருசம்தானே. அப்புறம் குடுக்கலாம்ல," என்றார் பாய்.

நான் குறுக்கே புகுந்தேன். "இல்லை பாய். அப்புறம் குடுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல பார்த்துட்டேன். எங்க காலேஜ் அணி ஒரு வருஷம் போட்டிக்குப் போகலை. மறு வருஷம் பந்து வாங்கப் பணம் ஒதுக்கலை. அதுக்கடுத்த வருஷம் கோல் போஸ்ட்டைப் பிடுங்கிட்டுப் புதுசா ஒரு கட்டடம் கட்டுனாங்க. இப்ப நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்ன செய்றதுன்னு தெரியாம டிவி பார்க்கிறேன்."

பாய் டீயைச் சாஸரில் ஊற்றிக் குடித்தார். ராணி என்னைப் பார்த்த பார்வையில் அதுவரை இல்லாத ஒரு உறவு இருந்தது.

வியாழக்கிழமை ராணி என்னை ஷ்வேடகோனுக்கு அழைத்துப்போனார். அந்தப் பொன்கோபுரத்தைப் பற்றி எழுதாதவர் கிடையாது, நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மழையில் நனைந்த சலவைக்கல் தரையில் அது தலைகீழாக இன்னொரு முறை நின்றது. கோபுரத்தைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை இருக்கிறது. பிறந்த கிழமைக்குரிய மூலையில் நின்று அங்கிருக்கும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ராணி தான் பிறந்த திங்கட்கிழமையைத் தாண்டி நடந்தார்.

"உங்க மூலை அதில்லையா?"

"தீஹா வெள்ளிக்கெழம. பேரக் கேட்டாலே தெரியும், இங்க பேரு கெழமைய வச்சுத்தான். நாளைக்கு அவனுக்குத்தான் வேணும்." குவளை குவளையாக ஊற்றினார். போதும் என்று நான் சொல்லும்வரை ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மதியத்துக்குள் வானம் அடுப்புக்கரியாக மாறியது. பிறகு காற்று. ஸ்டிராண்ட் ரோட்டில் ஒரு விளம்பரத் தகரம் பட்டம்போலப் பறந்து போனதைப் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரும் ஜன்னல்களை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தபோது ராணியின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

தீஹாவும் வேறு இரண்டு ஆட்டக்காரர்களும் ஆற்றுக்கு அக்கரையில், தலாவில் குடியிருக்கிறார்கள். அங்கே வாடகை குறைவு. தினமும் பெர்ரிப் படகில்தான் வருவார்கள். காற்றுக்காகப் பெர்ரியை நிறுத்திவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பக்கம் இருப்பது ஆறே பேர்.

அலுவலகப் பையன்கள் பாயைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் பர்மியத்தில் ஏதோ சொல்லிக் கையைத் தட்டினார். "கோப்பை ஓட்டமில்லாம வீட்டுக்கு வந்துட்டுதுன்றான்," என்று ராணியே எனக்குச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தனாக்கா பூசிய கன்னத்தில் மட்டும் ஒரு கோடு இறங்கியிருந்தது.

பாய் அதைப் பார்த்தார். எழுந்து ஜன்னலருகே போய் ஆற்றைப் பார்த்தார். காற்று தணிந்திருந்தது, ஆனால் தண்ணீர் இன்னும் குதித்துக்கொண்டிருந்தது.

"ஆளில்லாத கோலுல அடிச்சுக் கப்பு வாங்கவா நான் இருவது வருசமா மழையில நனையறேன்?" என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

அலோன் துறையில் அவருக்குத் தெரிந்த சரக்குப் படகுக்காரர் ஒருவர் இருந்தார், கோ துன் என்று. பேச்சு நீண்டது. பாய் அதட்டினார், கெஞ்சினார், அப்புறம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் படகுல ஏறுனாத்தான் எடுப்பேன்றான். நம்ம உசிரு மேல நமக்குப் பயம் இருக்கான்னு பாக்கறான்."

"பாய், உங்க முழங்கால்..." என்றார் ராணி.

"முழங்கால் நீந்தாது. படகுதான் போவப் போவுது. நீங்க கிரவுண்டுக்குப் போங்க. ரெபரிய எப்டியாச்சும் நிறுத்தி வைங்க."

நான் குடையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. என் ஊரில் யாராவது இப்படி ஒரு படகு பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "நானும் வர்றேன் பாய்."

அது நீளமான மரப்படகு. நடுவில் ஒரு லாரி எஞ்சின். அரிசிக் கோணிகளின் மேல் உட்கார்ந்தோம். பாயை ஏற்றுவதற்கு நானும் கோ துன்னும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கரையை விட்டதும் படகு ஏறி இறங்கியது, காலையில் சாப்பிட்ட மொஹிங்காவும் கூடவே ஏறி இறங்கியது. மொஹிங்கா என்பது மீன் குழம்பில் சேமியா போட்ட காலைச் சாப்பாடு. அதுவரை எனக்கு மிகப் பிடித்திருந்தது.

பாதி ஆற்றில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

சத்தம் நின்ற பிறகுதான் ஆறு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கடலை நோக்கி நழுவ ஆரம்பித்தது. பாய் கண்ணை மூடி உதட்டுக்குள் ஓதத் தொடங்கினார். நான் எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், இத்தனை தூரம் கேட்குமா என்ற சந்தேகத்தோடு. கோ துன் மட்டும் அவசரப்படவில்லை. கட்டியிருந்த லோஞ்சியின் நுனியால் ஏதோ ஒரு குழாயைத் துடைத்தார், வாயை வைத்து ஊதினார், டீசலைத் துப்பினார், மறுபடி துடைத்தார். எஞ்சின் உயிர்பெற்றதும் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"நீலம் ஜெயிக்குமான்னு கேக்கறான்," என்றார் பாய்.

தலா துறையில் மூன்று பச்சைச் சட்டைகள் நின்றிருந்தன. தீஹா கோல்கீப்பர் கையுறையை அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். படகில் குதித்தவன் பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவர்கள் பர்மியத்தில் பேசிக்கொண்டதைப் பாய் பிறகு எனக்குச் சொன்னார்.

"மாமா, நீங்க எங்களுக்கு எதிரா கத்துறவர்தானே?" என்று கேட்டானாம்.

"ஆமா. இன்னைக்கும் கத்துவேன். உக்காரு, படகு ஆடுது," என்றாராம் இவர்.

திரும்பி வந்து டாக்ஸி பிடித்து மைதானத்தை அடையும்போது ஆட்ட நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. எல்லாம் முடிந்திருக்கும் என்ற நினைப்புடன்தான் உள்ளே ஓடினோம். உள்ளே யாரும் ஆடவில்லை. மைதானத்தில் ஒரு பெருங்கூட்டம் தரை துடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு பக்கத்துக் கோல் முன்னால் முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது. ராணி நடுவரிடம் போய், இதை வாராமல் ஆட்டத்தைத் தொடங்கினால் பிள்ளைகள் கால் உடையும், நாங்களே வாரித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடைகளில் துடைப்பமும் வாளியும் கோணியும் வாங்கிவந்து ஆதரவாளர்களை இறக்கிவிட்டார். பிறகு ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொன்னாராம்: "மெதுவா. ரொம்ப மெதுவா." தபால்காரர் ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஒரு நிமிஷம் துடைத்தார். சலவைக் கடைக்காரர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நடுவர் வெகுநேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் பக்கத்தில் வந்து, "அந்தப் பக்கக் கோலிலும் ஈரமாக இருக்கிறதே, அதையும் பாருங்கள்," என்றாராம்.

நாங்கள் நுழைந்தபோது அந்தப் பக்கக் கோலில் துடைப்பம் பிடித்திருந்தவர்கள் நீலச் சட்டைக்காரர்கள்.

பச்சை ஒன்பது பேருடன் இறங்கியது. அந்த ஆட்டத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சேற்றில் பந்து உருளவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது. நீலம் முழுக்க முழுக்கப் பச்சையின் பாதியில்தான் ஆடியது. பாட்டுக்காரன் தன்னைப் பந்துக்கும் கோலுக்கும் நடுவே எறிந்துகொண்டே இருந்தான். தீஹா ஒன்றைப் பிடித்தான், ஒன்றைத் தட்டிவிட்டான், ஒன்றை முகத்தால் தடுத்தான். முகத்தால் தடுத்துவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தபோது நீல அணிப் படிக்கட்டிலிருந்தும் கைதட்டல் வந்தது. பாய் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் உட்காருவது என்று நான் யோசிக்கவே இல்லை. ராணிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கத்தினேன். "விடாதடா! ஏய், பின்னால ஆள் வர்றான் பார்!" மைதானத்தில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

இடைவேளைவரை கோல் இல்லை. இரண்டாம் பாதியிலும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, கோல் இல்லை. ராணி போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மலேசியாவிலிருந்தும் பேங்காக்கிலிருந்தும் வந்த கூச்சலுக்குப் போன் அவர் கையில் அதிர்ந்தது. ராணி கூச்சலிடவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "யாபாதே, யாபாதே." பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அதைத் தொண்டை கிழியச் சொன்னார்.

ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்பு ஒரு கார்னர். பந்து கூட்டத்தில் விழுந்து யாருடைய முழங்காலிலோ பட்டு உள்ளே போயிற்று. நீலத்துக்கு ஒரு கோல்.

எதிர்ப்படியில் பாய் குதித்தார். குதிக்காமல் எப்படி? முழங்கால் வலியையும் மறந்து இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தார். தீஹா வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தான். சட்டை முழுக்கச் சேறு. துடைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியே உதைத்தான்.

விசில் அடித்ததும் ராணி அழுவார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டில் கேட்டார். முழுக்கக் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பச்சைச் சட்டைக்காரர்கள் மைதானத்தில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். நீலக் கேப்டன் கோப்பையை வாங்கப் போவதற்கு முன்னால் தீஹாவிடம் வந்து தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

ஸயாமா குடைக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, கறாரான முகம். ராணி அவர் முன்னால் போய் நின்றார், பரீட்சைத் தாளுக்குக் காத்திருப்பவர் மாதிரி. அந்த அம்மையார் சொன்னதை ராணியின் தோழி எனக்குத் தமிழாக்கினார்.

"ஒன்பது பேர் வந்தாங்க. நான் ஏழு பேரைத்தான் கேட்டேன்." பிறகு குடையை மடக்கிக்கொண்டே, "அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்துடறேன். ஆனா ஒரு பார்வர்டு தேடுங்க. இப்படித் தடுத்துக்கிட்டே இருந்தா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்."

ராணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை வெயில் அடித்தது. ஆறும் தெருவும் ஒன்றும் நடக்காததுபோல் மினுங்கின. கோடவுனைத் திறந்தோம். சரக்கு அருமை. கடித்தால் கல் மாதிரி உடைந்தது, கறுப்பு மாறாமல் பளபளவென்று இருந்தது. ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு விடைபெற மாடிக்குப் போனேன்.

ராணிக்குக் குரல் திரும்பவில்லை. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெந்நீரை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டசைவில் ஏதோ சொன்னார். எந்த மொழி என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

மூன்று போன்களையும் பாய்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ஹிந்தியில் ஒருவருக்கு விலை சொன்னார், பர்மியத்தில் ஒருவரைத் திட்டினார். மூன்றாவது தமிழ் போன். தூத்துக்குடியிலிருந்து ஒரு ஏஜெண்ட், வழக்கமாக ராணியிடம் பேசுகிறவர், அவர் எங்கே என்று கேட்டிருப்பார்போல.

"இருக்காங்க, பேச முடியாது. தொண்ட கட்டிருச்சு. நேத்து அவுங்க டீமு ஆடுனிச்சு."

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோத்தாங்கதான். எத்தினியா? ஒண்ணு." ஆள்காட்டி விரலைத் தூக்கி, போனுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். "ஒம்பது பேர வச்சுக்கிட்டு, கப்பு ஜெயிச்ச டீமுகிட்ட, ஒண்ணே ஒண்ணு!"

அவர் எந்த அணிக்காரர் என்று தூத்துக்குடியில் இருப்பவருக்கு விளங்கியிருக்காது.